வேதாகமப் பாடம்: லாகீஸ் என்னும் அரணான பட்டணம்



இம்முறை நாம் படிக்க எடுத்துக்கொண்டது ஒரு கோட்டைப் பட்டணத்தின் கதை. கோட்டை என்றவுடன் தீவகத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டைதான். போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சரணடைந்ததற்குக் காரணம் மதில் இடிந்தது அல்ல, குடிதண்ணீர் இல்லாமற் போனது. சுற்றிவரக் கடல், குடிக்க ஒரு வாய் தண்ணீர் இல்லை. பிறகு ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் 'பன்றித் தொடையின் குதிக்கால்' என்ற பொருளுடையது. இலங்கைத் தீவின் உருவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். ஆளுக்கு ஆள் பார்வை வேறு!

நெடுந்தீவிலும் முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடு நிற்கிறது. வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் கற்குவியலும் அங்கே உண்டு. ஆகவே கோட்டை கட்டியவர்கள் போய்விட, பக்கத்துக் காணியில் பயிர் செய்தவர்கள் மிஞ்சி நிற்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. லாகீசின் கதையும் அதைப் போன்றதே. பாடத்தைத் தொடங்குமுன் 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தையும், எரேமியா 32ஆம் அதிகாரத்தையும், நெகேமியா 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பது நல்லது.

லாகீஸ் எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில், மலைநாட்டுக்கும் கடற்கரைச் சமவெளிக்கும் இடைப்பட்ட தாழ்ந்த குன்றுப் பகுதியில் இருந்தது. கோதுமை, திராட்சை, அத்தி, ஒலிவ மரம் என எல்லாம் விளையும் மண். எகிப்திலிருந்து வரும் படை எருசலேமுக்கு ஏற வேண்டுமானால் இந்தப் பகுதியைக் கடந்தே வரவேண்டும். வளமான மண்ணும் படை வரும் பாதையும் ஒரே இடத்தில் அமைந்ததே அந்த ஊரின் தலைவிதி. இன்று அது ஒரு மண்மேடு. மேட்டின் உச்சி 18 ஏக்கர் அளவு, நம் கணக்கில் 288 பரப்பு. 1932 முதல் 1938 வரை ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேயர் அங்கே அகழ்ந்தார். 1938 ஜனவரியில் எருசலேமுக்குப் போகும் வழியில் ஆயுதம் தாங்கியவர்கள் அவரைக் கொன்றார்கள். பின்னர் 1973 முதல் இருபது வருடங்களுக்கு மேலாக உசிஷ்கின் என்ற இஸ்ரவேல் ஆய்வாளர் அகழ்வைத் தொடர்ந்தார். வேதாகமம் சொல்லும் செய்தியோடு மண்ணுக்குள்ளிருந்து வந்த செய்தியையும் சேர்த்துப் படிக்க முடிவது இவர்களுடைய உழைப்பினால்தான்.

யோசுவாவின் காலத்தில் லாகீஸ் இரண்டாம் நாளில் பிடிபட்டது என்று யோசுவா 10ஆம் அதிகாரம் சொல்கிறது. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் யூதாவில் பதினைந்து பட்டணங்களை அரண்செய்தபோது லாகீசையும் சேர்த்துக்கொண்டான். அங்கே தலைவரை வைத்தான். உணவும் எண்ணெயும் திராட்சரசமும் சேமித்தான் (2 நாளாகமம் 11). அமத்சியா அரசன் எருசலேமில் எழுந்த சதிக்குத் தப்பி ஓடி ஒளிந்ததும் இங்கேதான். ஆனால் அவனை அங்கேயும் பின்தொடர்ந்து கொன்றார்கள். கோட்டை அவனைக் காப்பாற்றவில்லை.

அந்தச் சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லாகீசிலே அரச முத்திரை குத்திய சாடிக் கைபிடிகள் 400க்கு மேல் கிடைத்திருக்கின்றன. 'அரசனுக்குரியது' என்பதே முத்திரையின் பொருள். ஒரு சாடி ஏறக்குறைய 45 லீற்றர் கொள்ளும். அவற்றை நிரப்பியவர்கள் யார்? சுற்றுக் கிராமங்களின் விவசாயிகள். மதிலுக்குக் கல் சுமந்தவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருந்திருப்பார்கள். கோட்டையின் பெருமையைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

இந்தக் கணக்கைக் கேட்ட தீர்க்கதரிசி ஒருவர் இருந்தார். அவர் மீகா. எருசலேமின் அரண்மனையைச் சேர்ந்தவர் அல்லர். லாகீசுக்கு அண்மையிலிருந்த மொரேசேத் என்ற கிராமத்தவர். கோட்டையின் நிழலிலே வளர்ந்தவர் என்றே சொல்லலாம். அவர் கோட்டையைப் புகழவில்லை. இரதத்தில் குதிரையைப் பூட்டு என்று லாகீஸ் மக்களைக் கிண்டலாக அழைக்கிறார். சீயோனின் பாவம் இங்கேதான் தொடங்கியது என்கிறார் (மீகா 1:13). படைக்கருவியை நம்பிய நம்பிக்கையையே அவர் பாவம் என்றார் எனப் பலர் விளக்குவர். அடுத்த அதிகாரத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. வயல்களை இச்சித்துப் பறித்துக்கொள்கிறவர்களையும், ஒருவனுடைய வீட்டையும் முதுசத்தையும் ஒடுக்கி எடுக்கிறவர்களையும் அவர் கண்டிக்கிறார். மதில் உயர்ந்துகொண்டே போக, மதிலைச் சுற்றியிருந்த காணிகள் கைமாறிக்கொண்டிருந்தன. எருசலேமும் ஒருநாள் வயலைப்போல உழப்படும் என்றார். உழவு தெரிந்த ஒருவரின் வாயிலிருந்துதான் அப்படியொரு வார்த்தை வரும். நூறு வருடங்கள் கழித்து எரேமியாவின் உயிருக்கு ஆபத்து வந்தபோது, நாட்டு மூப்பர்கள் எழுந்து மீகாவின் இந்த வார்த்தையை நினைவுபடுத்திப் பேசினார்கள் (எரேமியா 26). கிராமத்தவரின் வார்த்தை தலைநகரத்தில் ஒரு நூற்றாண்டு மறக்கப்படாமல் இருந்திருக்கிறது.

கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் வந்தான். யூதாவின் அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான். லாகீசில் பாளயமிறங்கியிருந்தபோது எசேக்கியா அரசன் அவனுக்குத் தூது அனுப்பி, கேட்டதைத் தருகிறேன் என்றான். முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கேட்கப்பட்டது. ஆலயக் கதவுகளின் பொன்தகட்டைக் கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகும் படை எருசலேமுக்கு வந்தது! சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டும் முப்பது தாலந்து பொன் என்றே சொல்கிறது; வெள்ளியைத்தான் எண்ணூறு தாலந்து என்று கூட்டிச் சொல்கிறது. அரணான பட்டணங்கள் 46ஐப் பிடித்ததாகவும், 200,150 பேரை வெளியேற்றிக் கொண்டுபோனதாகவும் அதில் எழுதியிருக்கிறான். இந்தத் தொகை மிகைப்படுத்தியது என்று பல ஆய்வாளர் கருதுகிறார்கள். பாதியாகக் குறைத்தாலும் ஒரு நாட்டின் கிராமங்கள் வெறுமையாகிவிட்டன என்றே பொருள்.

லாகீஸ் எப்படி விழுந்தது என்பதை மண் காட்டுகிறது. அசீரியர் மேட்டின் தென்மேற்கு மூலையில் மதிலின் உயரத்துக்குக் கல்லாலே ஒரு சரிவுப்பாதை கட்டினார்கள். சுற்றியுள்ள வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கியே அதைக் கட்டினார்கள். அதற்கு 13,000 தொன்னிலிருந்து 19,000 தொன் வரை கல் சென்றிருக்கும் என்று உசிஷ்கின் மதிப்பிட்டார். உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பாதைக்கு நேரே மதிலுக்கு உட்புறமாக மண்ணும் கல்லும் குவித்து இரண்டாவது தடுப்பைக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கான இரும்பு அம்புமுனைகளும் கவண்கற்களும் அங்கே கிடந்தன. அருகிலிருந்த குகைகளில் ஏறக்குறைய 1,500 பேருடைய எலும்புகள் குவிந்திருந்தன. இதற்கு மேல் இதை விவரிக்க நாம் விரும்பவில்லை. இதை வாசிப்பவர்களில் பலருக்கு விவரிப்பு தேவையில்லை.

லாகீசின் கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதிலோடு சேர்ந்தாற்போல 44 மீற்றர் ஆழமான கிணறு ஒன்று இருந்தது. கடற்கோட்டைக்கு இல்லாமற்போன தண்ணீர் லாகீசுக்கு இருந்தது, ஆனாலும் விழுந்தது. நம் தீவுகளில் அவ்வளவு ஆழம் தோண்டினால் உப்புநீர்தான் வரும். மழைநீர் கடல்நீரின் மேலே மெல்லிய படையாக மிதப்பதே நம் நன்னீர். ஊர் திரும்பிப் பழைய கிணற்றை இறைக்கும் குடும்பங்கள் இதை மறக்கக்கூடாது. பல வருடம் கிடந்த கிணற்றை இயந்திரம் வைத்து ஒரே நாளில் வற்ற இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். சேறு அள்ளி, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள். பாடத்தைவிட்டு விலகினோம், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை.

சனகெரிப் தன் வெற்றியைத் தன் நினிவே மாளிகையின் சுவரில் கல்லிலே செதுக்குவித்தான். 1840களில் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் அதைத் தோண்டியெடுத்தார். இன்று அது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. அரசனின் பெருமைக்காகச் செதுக்கிய அந்தச் சுவரில் நம் கண்ணில் படுவது அரசன் அல்ல. பட்டண வாசலால் மக்கள் வெளியேறி வருகிறார்கள். பெண்கள் தோளில் மூட்டையோடு நடக்கிறார்கள். மாட்டு வண்டிலிலே மூட்டைகள், மூட்டைகளின் மேலே பெண்களும் பிள்ளைகளும்; முன்னே ஓர் ஆண் நடந்து போகிறான். பின்னணியில் குன்றுகளும், அவற்றிலே திராட்சைக் கொடிகளும் அத்தி மரங்களும். விட்டுவிட்டு வரும் தோட்டத்தையும் சிற்பி செதுக்கிவிட்டான்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலிருந்து வெளியேறியவர்களுக்கும், பிறகு 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தால் மழையில் நகர்ந்தவர்களுக்கும் இந்தச் சிற்பத்துக்கு விளக்கம் தேவையில்லை. வண்டிலுக்குப் பதிலாக உழவு இயந்திரமும் துவிச்சக்கரவண்டியும், மூட்டைக்குப் பதிலாக உரப்பையும் ட்ரங்குப் பெட்டியும், அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த நேரத்திலே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று சனகெரிப்பின் அதிகாரி ரப்சாக்கே பேசிய பேச்சைக் கவனியுங்கள் (2 இராஜாக்கள் 18:31, 32). சரணடைந்தால் இப்போதைக்கு உங்கள் திராட்சையையும் அத்தியையும் சாப்பிடலாம், உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். பிறகு நான் வந்து உங்கள் நாட்டைப் போலவே ஒரு நாட்டுக்கு உங்களைக் கொண்டுபோவேன் என்கிறான். தானியம், திராட்சை, ஒலிவ எண்ணெய், தேன் எல்லாம் அங்கே உண்டாம். விவசாயிக்கு என்ன சொன்னால் மனம் அசையும் என்பதை நன்றாகத் தெரிந்த பேச்சு. காணிக்குப் பதில் காணி என்று வாக்குறுதி கேட்டவர்களுக்கு இதன் ருசி தெரியும். எங்கள் கிணற்றைப் போலவே ஒரு கிணறு, எங்கள் வடலிக் காணியைப் போலவே ஒரு காணி என்று ஒன்று உலகத்தில் இருக்குமா? அசீரியருடன் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கும் அதே மாளிகையில் அடையாளம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வேறொரு சுவரில், பெருங்கற் சிலையைக் கயிறு கட்டி இழுக்கும் தொழிலாளர் கூட்டத்தில் லாகீஸ் மக்களின் உடை அணிந்தவர்களை ஆய்வாளர் அடையாளம் காண்கிறார்கள்.

நினிவே கி.மு. 612இல் விழுந்தது. அந்தச் சிற்பத்தில் சிங்காசனத்தில் இருக்கும் சனகெரிப்பின் முகம் கொத்திச் சிதைக்கப்பட்டிருக்கிறது. நினிவே மந்தைகள் படுக்கும் இடமாகும் என்று செப்பனியா உரைத்ததை வாசித்துக்கொள்ளுங்கள்.

லாகீஸ் சில காலம் பாழாய்க் கிடந்து, மறுபடி கட்டப்பட்டு, மறுபடியும் ஒரு முற்றுகையைக் கண்டது. இம்முறை பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார். எருசலேமைத் தவிர யூதாவிலே மீந்திருந்த அரணான பட்டணங்கள் லாகீசும் அசேக்காவும் மட்டுமே என்று எரேமியா 34:7 சொல்கிறது. 1935இல் லாகீசின் வாசலறைச் சாம்பலுக்குள் மையால் எழுதிய ஓட்டுத் துண்டுகள் பதினெட்டை ஸ்டார்க்கி கண்டெடுத்தார். பிறகு கிடைத்த மூன்றோடு மொத்தம் 21. பல, வெளியிடத்தில் காவலிருந்த ஒரு கீழதிகாரி லாகீசிலிருந்த மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள். தனக்கு வாசிக்கத் தெரியாது என்று மேலதிகாரி நினைத்துவிட்டதாக ஒரு கடிதத்தில் அவன் ரோசப்படுகிறான். உலகம் மாறவில்லை! இன்னொன்றில், லாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசேக்காவைக் காணமுடியவில்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறான். அசேக்கா அதற்குள் விழுந்துவிட்டது என்று பலரும், அவன் நின்ற இடத்திலிருந்து மறைந்திருந்தது என்று வேறு சிலரும் விளக்குவர். எப்படியானாலும், பண்ணைக் கரையில் நின்று அக்கரை வெளிச்சத்தைத் தேடியவர்களுக்கு அந்த வரி புரியும்.

அந்த முற்றுகைக் காலத்திலேயே எரேமியா ஒரு காணி வாங்கினார். அவர் அப்போது காவற்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். காணி இருந்ததோ அனாதோத்தில். பாபிலோன் படையின் கைக்குள். தகப்பனாரின் சகோதரருடைய மகன் அனாமெயேல் வந்து, மீட்கும் உரிமை உனக்குத்தான், வாங்கிக்கொள் என்றான். பதினேழு சேக்கல் வெள்ளி, ஏறக்குறைய 190 கிராம், நிறுத்துக் கொடுத்தார். உறுதி எழுதினார், சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள், முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும். இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, பல நாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். வீடுகளும் வயல்களும் திராட்சத்தோட்டங்களும் இந்த நாட்டில் மறுபடியும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளமாயிற்று.

அதே எரேமியாதான், ஏற்கெனவே பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதி, அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் பலனைச் சாப்பிடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றவர் (எரேமியா 29). இரண்டையும் சேர்த்து வாசிப்பது கடினம். இடம்பெயர்ந்த காணியில் கத்தரியும் மிளகாயும் வைப்போம், ஆறு மாதத்தில் பலன் வரும், தென்னை வைக்கலாமா? தென்னை வைத்தால் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடுமா? முகாம்களிலும் மாமியார் வீட்டு வளவுகளிலும் இந்தக் கேள்வியால் கணவன் மனைவிக்குள்ளே பேச்சு வளர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். எரேமியா இரண்டையும் ஒரே மனதோடு செய்யச் சொன்னார் என்பதே நம் வாசிப்பு. நிற்கும் மண்ணில் மரம் வைத்ததால் அனாதோத்து உறுதி செல்லாமற் போகவில்லை. ரப்சாக்கே சொன்னது வேறு: அங்கே நடு, இதை மறந்துவிடு என்றான்.

திரும்புவதும் இலேசாக இருக்கவில்லை. பாபிலோன் தளபதி, நாட்டில் விடப்பட்ட ஏழைகளுக்கு வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் கொடுத்திருந்தான் (எரேமியா 39:10). போனவர்கள் தூரப் போய்விட்டார்கள், இந்தத் தேசம் எங்களுக்கே உரியது என்று எருசலேமில் மிஞ்சியிருந்தவர்கள் அதற்கு முன்னரே பேசத் தொடங்கியிருந்தார்கள் (எசேக்கியேல் 11:15). போகாமல் நின்றவரும் பட்டினி கிடந்தவர்தான். அந்தக் காணியைக் காடாகவிடாமல் கொத்தியவர்தான். திரும்பி வந்தவருக்கும் அது முதுசம்தான். இருவரையும் நாம் பக்கத்து வேலியில் கண்டிருக்கிறோம். வேதாகமம் இந்த வழக்குக்கு ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லவில்லை.

நெகேமியா 11:30இல் லாகீசின் பெயர் வருகிறது. திரும்பிய யூதா மக்கள் குடியேறிய இடங்களின் பட்டியலில், லாகீசும் அதன் நாட்டுப்புறங்களும் என்று. மதிலைப் பற்றி அங்கே பேச்சில்லை. வயலைப் பற்றியே பேச்சு. மேட்டின் உச்சியில் பாரசீக ஆட்சிக்காலத்து மாளிகை ஒன்றின் அடித்தளமும் அகழ்வில் கிடைத்திருக்கிறது. மேலே ஆட்சியாளரின் கட்டிடம் இருக்க, கீழே சரிவிலும் சமவெளியிலும் மக்கள் மறுபடி விதைத்திருக்கிறார்கள்.

எரேமியாவின் மண்பாண்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நம் நாட்டு முறையிலும் நொத்தாரிசு உறுதியின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். எரிந்த உறுதிக்கு, மழையில் கரைந்த உறுதிக்கு, அங்கே பிரதி கேட்கலாம். உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், இவற்றுள் தெரிந்ததைக் கொண்டுபோனால் தேடுவது இலகு. நம் பகுதியில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் பெயர் உண்டு. உறுதியிலே அந்தப் பெயரும் பரப்பளவும் நான்கு எல்லையும் எழுதப்பட்டிருக்கும். பெரியவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. குழுவாகக் கூடிப் படிப்பவர்கள் இம்முறை ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் வயதில் மூத்தவர் சொல்ல, பிள்ளை எழுதட்டும்: காணியின் பெயர், எத்தனை பரப்பு, கிழக்கே யார், வடக்கே யார், மேற்கே யார், தெற்கே யார், கிணற்றில் யாருக்கெல்லாம் பங்கு, வழிவாய்க்கால் எந்தப் பக்கம். எழுதியதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறொரு உறவினர் வீட்டிலும் வையுங்கள்.